ஓடுதளத்தில் 48 நிமிடங்கள்: ஒரு திகில் தொடர் காட்டியதும் காட்டாமல் விட்டதும்

(கலை இலக்கியப் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஆகஸ்ட் 29 அன்று நெட்பிளிக்ஸ் தளத்தில் ‘ஐசி 814: தி கந்தகார் ஹைஜாக்’ என்ற ஆறு பகுதிகள் கொண்ட இந்தித் தொடர் வெளியானது. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்ட நிகழ்வைச் சொல்லும் இத்தொடரை இயக்கியவர் அனுபவ் சின்ஹா. அந்த விமானத்தை ஓட்டிய கேப்டன் தேவி சரண், பத்திரிகையாளர் ஸ்ரிஞ்சய் சௌத்ரியுடன் சேர்ந்து எழுதிய நூல் இதற்கு அடிப்படை. வெளியான ஒரு வாரத்துக்குள் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நெட்பிளிக்ஸின் இந்தியப் பொறுப்பாளரை டில்லிக்கு அழைத்து விளக்கம் கேட்டது. தொடரின் தொடக்கத்தில் காட்டப்படும் அறிவிப்பும் திருத்தப்பட்டது.

பணயக் கைதிகளைப் பற்றிய கதைகளுக்குப் பார்வையாளர் கூட்டம் எப்போதும் உண்டு. உயிர் போகுமா, பிழைக்குமா என்ற கேள்வி எவரையும் இருக்கையின் நுனியில் உட்கார வைக்கும். அந்தப் பதற்றம் பார்வையாளருக்குள் எந்தக் கேள்வியை எழுப்புகிறது, எந்தக் கேள்வியை அமுக்கிவிடுகிறது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

இளம் தோழர்கள் பலர் அந்த நிகழ்வுக்குப் பின் பிறந்தவர்கள். ஆகவே விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

1999 டிசம்பர் 24 மாலை காத்மாண்டுவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட ஐசி 814 விமானம், இந்திய வான்பரப்புக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் ஆயுதம் தாங்கிய ஐந்து பேரால் கடத்தப்பட்டது. பயணிகளும் ஊழியர்களுமாக ஏறத்தாழ 190 பேர் அதில் இருந்தனர். மேற்கு நோக்கிச் செல்லும்படி கடத்தல்காரர்கள் மிரட்டினர். எரிபொருள் போதாததால் இரவு 7 மணியளவில் விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. எரிபொருள் நிரப்பாமலேயே, சுமார் 48 நிமிடங்களுக்குப் பிறகு அங்கிருந்து எழும்பியது. பின்னர் லாகூர், அடுத்து ஐக்கிய அரபு அமீரகத்தின் விமானப்படைத் தளம் ஒன்று. அங்கே 27 பயணிகள் விடுவிக்கப்பட்டனர். கத்தியால் குத்திக் கொல்லப்பட்டிருந்த 25 வயது புதுமாப்பிள்ளை ஒருவரின் உடலும் அங்கேதான் இறக்கப்பட்டது. டிசம்பர் 25 காலை, தாலிபான்களின் ஆட்சியில் இருந்த கந்தகாருக்கு விமானம் போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் 31 அன்று மசூத் அசார், அகமது உமர் சயீத் ஷேக், முஷ்டாக் அகமது சர்கார் ஆகிய மூவரை இந்திய அரசு சிறையிலிருந்து விடுவித்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங், அந்த மூவரும் கொண்டு செல்லப்பட்ட விமானத்திலேயே கந்தகார் சென்றார். பயணிகள் ஊர் திரும்பினர். கடத்தல்காரர்கள் ஐவரும் தப்பினர். மசூத் அசார் 2000ஆம் ஆண்டில் ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினார். 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதல், 2019 பிப்ரவரி 14இல் 40 துணை ராணுவப் படையினரைப் பலிகொண்ட புல்வாமா தாக்குதல் ஆகியவற்றோடு அந்த அமைப்பின் பெயர் பிணைந்திருக்கிறது.

அப்போது ஆட்சியில் இருந்தது வாஜ்பாய் தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி. உள்துறை அமைச்சர் எல்.கே.அத்வானி. கார்கில் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ‘உறுதியான அரசு’ என்ற முழக்கத்தோடு தேர்தலில் வென்று, அக்டோபரில்தான் அந்த அரசு பதவியேற்றிருந்தது.

மூச்சடைக்க வைக்கும் பகுதி

தொடரில் பார்வையாளரை அதிகம் பதறவைப்பது அமிர்தசரஸ் காட்சிகள்தான். விமானி அறை, கட்டுப்பாட்டுக் கோபுரம், டில்லியில் அதிகாரிகள் கூடியிருக்கும் அறை என்று கேமரா மாறி மாறித் தாவுகிறது. எரிபொருள் வண்டி வருமா? காவல்துறை நெருங்குமா? கமாண்டோக்கள் வந்து சேர்வார்களா? கடத்தல்காரர்களின் பொறுமை எந்த நொடியில் அறுந்துபோகும்? ஒவ்வொரு வெட்டும் நாடித்துடிப்பை ஏற்றுகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. விஜய் வர்மாவின் கேப்டன் பாத்திரம் ஆர்ப்பாட்டமில்லாத நல்ல நடிப்பு. பறக்கும் வீரன் ஒருவன் வந்து எல்லோரையும் காப்பாற்றும் வழக்கமான பொய்யை இத்தொடர் சொல்லவில்லை என்பதும் பாராட்டத்தக்கது.

விமானம் மேலெழும்பியதும் அந்தப் பதற்றத்துக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும். அடுத்து லாகூர். விளக்குகள் அணைக்கப்பட்ட விமான நிலையம், தீர்ந்துகொண்டிருக்கும் எரிபொருள், இறங்க முடியுமா என்ற புதிய பதற்றம். அமிர்தசரஸில் எழுந்த கேள்வியை லாகூர் விழுங்குகிறது; லாகூரின் கேள்வியைத் துபாய் விழுங்குகிறது. திகில் கதை என்ற வடிவத்தின் இயல்பே இதுதான். ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வியால் மட்டுமே அது நகரும். ‘ஏன் இப்படி நடந்தது, இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டு நிற்க அதற்கு நேரம் கிடையாது. ஆறு பகுதிகள் முடியும்போது பயணிகள் திரும்பிவிட்டார்கள் என்ற நிம்மதி பார்வையாளரிடம் மிஞ்சுகிறது. அந்த 48 நிமிடங்களின் கணக்கு தீர்க்கப்படாமலே கிடக்கிறது.

உண்மையில் டில்லிக்குக் கிடைத்த அவகாசம் 48 நிமிடங்கள் மட்டுமல்ல. மாலை 5 மணியளவிலேயே கடத்தல் தெரிந்துவிட்டது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் விமானம் இந்திய வானில் பறந்து, பிறகுதான் இந்திய மண்ணிலேயே இறங்கியது. நெருக்கடி மேலாண்மைக் குழு என்ற அமைப்பு காகிதத்தில் இருந்தது, கூடவும் செய்தது. அது எடுத்த முடிவு ஒன்றும் ஓடுதளத்தை எட்டவில்லை. தேசியப் பாதுகாப்புப் படை அமிர்தசரஸ் வந்து சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. அப்போது ‘ரா’ உளவு அமைப்பின் தலைவராக இருந்த ஏ.எஸ்.துலத், அமிர்தசரஸில் நிலைமை தவறாகக் கையாளப்பட்டது என்று 2015இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டு என்று ஒதுக்கிவிட முடியாத வாக்குமூலம் அது.

அமைச்சரவை எங்கே போனது?

டில்லி அறையில் நிகழும் தயக்கத்தைத் தொடர் மறைக்கவில்லை. அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பொறுப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்கிறது. நசீருதீன் ஷா, மனோஜ் பாவா, குமுத் மிஸ்ரா, அரவிந்த் சுவாமி போன்ற தேர்ந்த நடிகர்கள் இப்பாத்திரங்களை ஏற்றிருப்பதால் அந்தக் காட்சிகளில் கிண்டலும் சுவையும் உண்டு. இந்தத் துணிச்சலுக்கு இயக்குநரைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அரசியல் தலைமையில் முக்கியப் பாத்திரமாக வருபவர் பங்கஜ் கபூர் ஏற்றிருக்கும் வெளியுறவு அமைச்சர் ஒருவரே. கதையின் பெரும்பகுதி அதிகாரிகளுக்கு இடையிலேயே ஓடுகிறது. விளைவு என்ன? ஓர் அரசின் தோல்வி, சில அதிகாரிகளின் குழப்பமாகச் சுருங்கிவிடுகிறது. கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்களின் பலவீனம் என்ற அளவில் விஷயம் முடிந்துவிடுகிறது. நாடாளுமன்ற ஜனநாயகத்தில் அதிகாரி அமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அமைச்சரவை மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டியது. அந்தச் சங்கிலியின் மேற்கண்ணிகள் திரைக்கு வெளியே நின்றுவிட்டன.

திரைக்கு வெளியே அந்த மேற்கண்ணிகள் எப்படி நடந்துகொண்டன? எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், ஜஸ்வந்த் சிங் கந்தகாருக்குச் செல்லும் முடிவு தமக்குத் தெரியாது என்ற பொருளில் அத்வானி பேசினார். அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தில் அத்வானியும் இருந்தார் என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் மறுத்தார். ஒரே அமைச்சரவையில் அருகருகே உட்கார்ந்திருந்த இருவர், நாட்டின் பாதுகாப்பு தொடர்பான ஒரு முடிவைப் பற்றி எதிரெதிராகப் பேசினார்கள். ஒரு நாடகாசிரியருக்கு இதைவிடக் கூர்மையான காட்சி கிடைக்குமா? தொடர் அந்தக் காட்சியைத் தேடிப் போகவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பயணிகளின் உயிரைக் காக்கப் பேச்சுவார்த்தை நடத்தியதே குற்றம் என்று இங்கே வாதிடப்படவில்லை. கந்தகாரில், தாலிபான் துப்பாக்கிகள் சூழ நின்ற விமானத்தில் 150க்கும் மேற்பட்டவர்கள் சிக்கியிருந்தபோது, அரசிடம் நல்ல வழி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. உறவினர்கள் டில்லித் தெருக்களில் கதறினார்கள். 1989 டிசம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் முப்தி முகமது சயீதின் மகள் கடத்தப்பட்டபோது ஐந்து பேர் விடுவிக்கப்பட்டதை நினைவூட்டி, எங்கள் பிள்ளைகளின் உயிர் மட்டும் மலிவா என்று கேட்டார்கள். அந்த 1989 அரசை இடதுசாரிகளும் பாஜகவும் வெளியிலிருந்து ஆதரித்தன என்பதும் வரலாறு. மூவரை விடுவிப்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலைக்கு நாடு எப்படித் தள்ளப்பட்டது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கான விடை கந்தகாரில் கிடைக்காது. அமிர்தசரஸிலும் டில்லியிலும்தான் தேட வேண்டும். நெஞ்சை உருக்கும் கந்தகார் காட்சிகள் அந்தத் தேடலிலிருந்து பார்வையாளரின் கண்ணைத் திருப்பிவிடுகின்றன.

பெயர்களைப் பற்றிய பெருங்கூச்சல்

தொடர் வெளியான பிறகு எழுந்த சர்ச்சை எதைப் பற்றியது? அமிர்தசரஸைப் பற்றியா? அமைச்சரவையைப் பற்றியா? இரண்டுமில்லை. கடத்தல்காரர்களில் இருவர் ‘போலா’, ‘சங்கர்’ என்று அழைக்கப்படுவது இந்துக்களை இழிவுபடுத்தும் சதி என்று சமூக ஊடகங்களில் புயல் கிளப்பப்பட்டது. பாஜகவின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் அமித் மாளவியா அதற்குக் குரல் கொடுத்தார். அமைச்சகம் களத்தில் இறங்கியது.

உண்மை என்னவென்றால், அந்தப் பெயர்களை இயக்குநர் கற்பனை செய்யவில்லை. சீஃப், டாக்டர், பர்கர், போலா, சங்கர் என்பவை விமானத்துக்குள் கடத்தல்காரர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட மாற்றுப் பெயர்கள். 2000 ஜனவரி 6 அன்று அத்வானியின் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையிலேயே இப்பெயர்கள் இருக்கின்றன. ஐவரும் பாகிஸ்தானியர்கள் என்பதும் அவர்களின் உண்மைப் பெயர்களும் அதே அறிக்கையில் உள்ளன. தங்களுடைய அரசே வெளியிட்ட ஆவணத்தைத்தான் அவர்கள் சதி என்றார்கள்.

இறுதியில் கடத்தல்காரர்களின் உண்மைப் பெயர்களும் மாற்றுப் பெயர்களும் தொடக்க அறிவிப்பில் சேர்க்கப்பட்டன. பார்வையாளருக்கு உண்மைப் பெயர் தெரிவதில் தவறில்லை. ஆனால் இத்தொடரில் கேப்டன் தேவி சரண் ‘சரண் தேவ்’ ஆகியிருக்கிறார். வெளியுறவு அமைச்சருக்கும் அமைச்சரவைச் செயலருக்கும் உளவுத்துறை அதிகாரிகளுக்கும் கற்பனைப் பெயர்கள். கடத்தியவர்களின் பெயரை எழுது என்று ஆணையிட்ட அமைச்சகம், டில்லியில் அன்று முடிவெடுக்கத் தவறியவர்களின் பெயரை எழுது என்று கேட்கவில்லை. ‘தேசபக்தி’யின் பெயரால் கூச்சலிட்டவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பாதுகாப்புத் தோல்வி குறித்த விவாதமாக வளர்ந்திருக்க வேண்டிய ஒன்று, இந்து-முஸ்லிம் பெயர்ச் சண்டையாகத் திருப்பப்பட்டது. 1999இல் பொறுப்பிலிருந்து தப்பியவர்கள் 2024இல் இரண்டாம் முறையும் தப்பினார்கள்.

இந்தக் கூச்சலில் நியாயமான விமர்சனம் ஒன்று மூழ்கிப்போனது. கடத்தலில் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐஎஸ்ஐக்கு இருந்த பங்கை இறுதிப் பகுதி குறைத்துக் காட்டுகிறது என்பதே அது. மேற்சொன்ன அரசு அறிக்கை அந்தப் பங்கைத் திட்டவட்டமாகக் கூறுகிறது. வரலாற்றுத் தொடர் எடுப்பவர் இத்தகைய ஆவணத்தைத் தாண்டிச் செல்லும்போது, அதற்கான காரணத்தைப் பார்வையாளருக்குக் காட்டியிருக்க வேண்டும். ஒரு படைப்பை விமர்சிப்பதும் அதை எடுத்தவரை அமைச்சகத்துக்கு இழுப்பதும் ஒன்றல்ல. முன்னதை இடதுசாரிகள் தயங்காமல் செய்ய வேண்டும். பின்னதை எதிர்க்க வேண்டும்.

பின்னதன் விளைவு தமிழகத்துக்கும் தெரிந்ததே. 2024 ஜனவரியில் நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ தமிழ்ப் படம், இந்துத்துவ அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் இதே நெட்பிளிக்ஸ் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ‘தி கேரளா ஸ்டோரி’ படத்துக்குப் பாஜக ஆளும் மாநிலங்கள் வரிவிலக்கு அளித்தன. எந்தக் கதைக்கு வரிவிலக்கு, எந்தக் கதைக்கு அழைப்பாணை என்பதில் ஒரு கொள்கை இருக்கிறது. பன்னாட்டுத் தளங்கள் அந்தக் கொள்கைக்கு விரைவாகவே பணிந்துவிடுகின்றன. இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத முதலாளிக்குக் கருத்துரிமை என்பது வரவு-செலவுக் கணக்கில் ஒரு பத்தி.

ரோஜாவிலிருந்து இன்றுவரை

இத்தொடரில் வெளியுறவுத் துறை அதிகாரியாக வரும் அரவிந்த் சுவாமி, 1992இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’ படத்தில் காஷ்மீரில் கடத்தப்படும் நாயகனாக நடித்தவர். அப்படத்துக்கு, 1991இல் காஷ்மீரில் இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரி கே.துரைசாமி கடத்தப்பட்ட நிகழ்வு தூண்டுதலாக இருந்தது என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அந்த அதிகாரி மீண்டது, சிறையிலிருந்தவர்கள் சிலர் விடுவிக்கப்பட்ட பிறகு. படத்திலோ பரிமாற்றம் நிறைவேறுவதில்லை. நாயகனின் தேசப்பற்றும் கடத்தியவனின் மனமாற்றமும் சிக்கலைத் தீர்த்துவிடுகின்றன. பேச்சுவார்த்தை, அரசின் முடிவு, அதன் அரசியல் விலை ஆகிய எல்லாம் ஒரு தனிமனிதனின் வீரத்துக்குள் கரைந்துவிட்டன.

பின்னாளில் ராதாமோகனின் ‘பயணம்’ (2011) கடத்தப்பட்ட விமானத்தைத் திருப்பதியில் இறக்கி, கமாண்டோக்களைக் கொண்டு மீட்டது. ‘பீஸ்ட்’ (2022) ஒரு வணிக வளாகத்தில் சிக்கியவர்களை மீட்க ஒரே ஒரு முன்னாள் உளவாளி போதும் என்றது. வரலாற்றில் வராத கமாண்டோ திரையில் தவறாமல் வந்துவிடுகிறான். ஐசி 814இல் அரசு தவறவிட்ட தருணத்தைச் சினிமா திரும்பத் திரும்ப வென்று காட்டி, ரசிகரின் காயத்துக்கு மருந்து தடவுகிறது. மருந்து இனிப்பாக இருப்பதால் காயம் எப்படி ஏற்பட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அனுபவ் சின்ஹாவின் தொடர் ஒரு படி முன்னே நிற்கிறது. பொய்யான வெற்றி எதையும் அது தரவில்லை. ஒரு மதத்தினரைப் பொதுவில் குற்றவாளியாக்கவும் இல்லை. முந்தைய படங்கள் வெற்றியின் ஆரவாரத்தில் கேள்வியை மறைத்தன. இது நிம்மதிப் பெருமூச்சில் கேள்வியைக் கரைக்கிறது.

காப்பாற்றியவர்கள் யார்?

அந்த எட்டு நாட்களில் பயணிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் விமானிகள், பொறியாளர், பணிப்பெண்கள், பணியாளர்கள். அவர்கள் அனைவரும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஊழியர்கள். லாகூரில் விளக்கில்லாத ஓடுதளத்தைத் தேடி விமானத்தை இறக்கியது ஒரு தொழிலாளியின் திறமை. அடைத்துப்போன கழிப்பறை, தீர்ந்துபோன உணவு, அழும் குழந்தைகள், குத்துப்பட்டவர்களின் காயம், கழுத்தில் அழுத்தப்பட்ட துப்பாக்கி ஆகிய அனைத்துக்கும் நடுவில் அவர்கள் வேலை செய்தார்கள். தொடரில் மிக நேர்மையான பகுதிகள் இவையே. கேப்டனே கையுறை மாட்டிக்கொண்டு கழிவறை அடைப்பை நீக்கும் காட்சியில் உழைப்பின் கண்ணியம் தெரிகிறது.

அந்த இந்தியன் ஏர்லைன்ஸ் பின்னர் ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பொதுத்துறை ஊழியர் என்றாலே சோம்பேறி என்று பிரச்சாரம் செய்து அந்த விற்பனைக்கு வழி அமைத்தார்கள். கந்தகாரில் அந்த ஊழியர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத் தொடர் காட்டுகிறது. தொழிற்சங்கத் தோழர்கள் இந்தக் காட்சிகளைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வேர்கள்

பயங்கரவாதத்தை இடதுசாரிகள் எக்காலத்திலும் எதிர்த்தே வந்திருக்கிறார்கள். அப்பாவிப் பயணியின் கழுத்தில் கத்தி வைத்தவர்களுக்கு எந்த நியாயமும் இல்லை. காஷ்மீர் மக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவர்கள் செய்த செயல், காஷ்மீர் மக்களுக்கே பெருந்தீங்கு விளைவித்தது. ஒவ்வொரு பயங்கரவாதத் தாக்குதலும் நாடெங்கும் வகுப்புவாத சக்திகளுக்குத் தீனி போடுகிறது. வகுப்புவாத வெறி தன் பங்குக்குப் பயங்கரவாதிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் எதிர்த்து மற்றதை வீழ்த்த முடியாது.

தாலிபான் ஆட்சி வானத்திலிருந்து குதித்ததல்ல. 1980களில் ஆப்கானிஸ்தானின் இடதுசாரி அரசையும் சோவியத் படைகளையும் எதிர்க்க, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பாகிஸ்தானின் ஐஎஸ்ஐ வழியாகப் பணத்தையும் ஆயுதத்தையும் கொட்டியது. அந்தப் போர் விட்டுச்சென்ற ஆயுதங்களிலும் இடிபாடுகளிலும் இருந்துதான் தாலிபான் எழுந்தது. 1999இல் அந்த ஆட்சியை அங்கீகரித்திருந்த நாடுகள் பாகிஸ்தான், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றே. மூன்றும் அமெரிக்காவின் நெருங்கிய நண்பர்கள். ஆறு பகுதிகள் இருந்தும் இந்த வரலாறு தொடரின் மையத்துக்கு வரவில்லை. துப்பாக்கியைக் காட்டும் கேமரா, துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்காவிட்டால், வேறு ஊர்க் காட்டுமிராண்டிகள் என்ற எண்ணமே பார்வையாளரிடம் தங்கும்.

இன்றைக்கு இது ஏன்?

கால் நூற்றாண்டுக்கு முந்தைய நிகழ்வை இவ்வளவு விரிவாகப் பேசக் காரணம் உண்டு. 2019இல் புல்வாமா. படையினரை விமானத்தில் அனுப்பக் கோரிக்கை வைக்கப்பட்டு, அது மறுக்கப்பட்டது என்று அன்றைய ஆளுநர் சத்யபால் மாலிக் 2023இல் சொன்னார். அவர் பாஜக அரசாலேயே நியமிக்கப்பட்டவர். அந்த 40 சவப்பெட்டிகளும் தேர்தல் மேடைகளில் வாக்குக் கேட்கப் பயன்படுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அது பாதுகாப்புக் குறைபாடு என்பதை ஜம்மு காஷ்மீர் துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹா சில மாதங்களுக்குப் பின் ஒப்புக்கொண்டு, பொறுப்பேற்பதாகவும் கூறினார். அதன்பின் எந்த நாற்காலியாவது காலியானதா? கந்தகாரில் தொடங்கிய பழக்கம் தொடர்கிறது. தாக்குதல் நடக்கும், ஊடகங்கள் திகில் தொடராக அதை ஓட்டும், பதிலடி முழக்கம் எழும், பாதுகாக்கத் தவறியது யார் என்று கேட்பவர் தேசத் துரோகி ஆவார்.

1999க்குப் பிறகு அரசு சட்டம் இயற்றாமல் இல்லை. 2016இல் புதிய விமானக் கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலில் உயிர்கள் பலியானால் மரண தண்டனை என்று கடுமை கூட்டப்பட்டது. உயிரைக் கொடுக்கத் துணிந்து வருபவனை மரண தண்டனை தடுத்துவிடுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். முடிவெடுக்கத் தவறும் அமைச்சரிடம் விளக்கம் பெறுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அதற்கான இடம் நாடாளுமன்றம். அங்கே கேள்வி எழும்ப வேண்டுமானால் தெருவில் கேள்வி உயிரோடு இருக்க வேண்டும்.

அங்கேதான் பண்பாட்டுத் துறைத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. திகில் தொடர்களைப் பார்க்காதீர்கள் என்று மக்களிடம் சொல்வதில் பயனில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி கைபேசியில் ஒரு மணி நேரம் கதை பார்ப்பது அவருடைய உரிமை. தோழர்கள் செய்ய வேண்டியது, அவரோடு சேர்ந்து பார்ப்பது. பார்த்து முடித்ததும் பேசுவது. கிளைக் கூட்டங்களிலும் வாலிபர், மாதர் அமைப்புகளின் வாசிப்பு வட்டங்களிலும் இத்தொடரின் அமிர்தசரஸ் பகுதியைத் திரையிட்டு, விமானம் எழும்பும் காட்சியோடு நிறுத்திவிடலாம். லாகூருக்குப் போக வேண்டாம். கடத்தல் தெரிந்த மாலை 5 மணிக்கும் விமானம் எழும்பிய நேரத்துக்கும் இடையில் டில்லியில் யார் யார் பொறுப்பில் இருந்தார்கள், ஒவ்வொருவரும் என்ன செய்திருக்க வேண்டும், பின்னர் யாரிடம் எந்த விளக்கம் பெறப்பட்டது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு பத்திகளும் விரைவில் நிரம்பிவிடும். மூன்றாவது பத்தி வெறுமையாக நிற்கும். விவாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.